மூணு அஞ்சு புத்தகத்தில் படித்த பசி

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு மூணு அஞ்சு புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக 555. மளிகைக் கடையில் கடன் எழுதுவது அதில்தான். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என் மாமா கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இந்த நோட்டுகள் கிடக்கும். வீட்டுக்கு ஒன்று. முழுப் பெயர் எதிலும் இருக்காது. ‘லாரி டிரைவர் வீடு’, ‘மூணாம் மாடி அக்கா’, ‘பழைய தோட்டத்துப் பாட்டி’ என்று மாமாவுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி எழுதியிருக்கும்.

2020 மார்ச் 18ஆம் தேதி, கொரோனா பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஊரில் இருந்தேன். திரும்பிப் போக வழியில்லை. வீட்டில் சும்மா கிடப்பதற்குக் கடையிலாவது உட்காரட்டும் என்று மாமா கணக்கு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அப்படித்தான் மூணாம் மாடி அக்காவின் நோட்டு என் கைக்கு வந்தது.

பிப்ரவரிப் பக்கத்தில் பொன்னி அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு, முட்டை 30, நெத்திலி 200 கிராம், மைலோ, ஆப்பிள் 5. ஏப்ரல் பக்கத்தில் பொன்னி இல்லை. மலிவான உள்நாட்டு அரிசி 5 கிலோ, முட்டை 10, ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய். நெத்திலியைக் காணோம், ஆப்பிளைக் காணோம். மே கடைசியில் அரிசி 2 கிலோ, சீனி, டீத்தூள், மேகி மீ ஒரு கட்டு. அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “எங்களுக்கென்ன தம்பி, சாப்பாட்டுக்கு ஒண்ணும் குறையில்லை” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த வீட்டில் மூன்று வேளையும் ஏதோ ஒன்று தட்டில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த வீடு இருந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டு. அது என்ன, எப்படி அளக்கிறார்கள், கடை திறந்திருக்கும்போதே அது எப்படி வருகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

‘உணவுப் பாதுகாப்பின்மை’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு சின்னத் தகராறு. உணவுப் பாதுகாப்பு என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது ஈ மொய்க்காத பலகாரம், கெட்டுப்போகாத மீன், சுத்தமான சமையலறை. மலாயில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். சுத்தம், தரம் என்றால் ‘கெசெலாமாத்தான் மாக்கானான்’. சாப்பாடு கிடைக்குமா என்ற கேள்விக்கு ‘கெதெர்ஜாமினான் மாக்கானான்’. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022 டிசம்பரில், விவசாய அமைச்சின் பெயரோடேயே இந்த இரண்டாவது சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் நான் இங்கே ‘உணவு உறுதி’ என்றும் ‘உணவு உறுதியின்மை’ என்றும் எழுதுகிறேன். பத்திரிகையில் படிக்கும்போது நீங்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

1996இல் ரோம் நகரில் நடந்த உலக உணவு உச்சி மாநாட்டில் இதற்கு ஒரு வரையறை வைத்தார்கள். இன்றுவரை எல்லாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: எல்லாருக்கும், எல்லாக் காலத்திலும், சுறுசுறுப்பாகவும் ஆரோக்கியமாகவும் வாழப் போதுமான, சுத்தமான, சத்தான, தங்கள் விருப்பத்துக்கும் ஒத்துவருகிற உணவு, போய் வாங்கும் தூரத்திலும் வாங்கும் விலையிலும் இருக்க வேண்டும்.

இதில் எது குறைந்தாலும் உறுதி குறைகிறது. கவனித்தீர்களா, பசி என்ற சொல்லே இதில் இல்லை. பசி வருவதற்கு வெகு முன்னாலேயே ஒரு குடும்பம் உறுதியை இழந்துவிட முடியும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இதை ஒரு படிக்கட்டாக நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். காலி வயிறு கடைசிப் படியில் இருக்கிறது. மேலே இருந்து இறங்குகிறவர்கள் அங்கே போய்ச் சேருமுன் பல படிகளில் நின்று நின்றுதான் இறங்குகிறார்கள்.

எட்டுக் கேள்வி

அந்தப் படிகளை அளக்க ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். வழக்கமாகக் கடந்த 12 மாதத்தை வைத்துக் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறோமோ என்று கவலைப்பட்டீர்களா? இது முதல் கேள்வி. அப்புறம், சத்தான உணவைச் சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரியான சில பொருட்களையே திரும்பத் திரும்பச் சாப்பிட வேண்டியதாயிற்றா என்று இரண்டு. அதற்குக் கீழே இறங்கினால் ஒரு வேளையை விட்டதுண்டா, சாப்பிட வேண்டிய அளவைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா, வீட்டில் சாப்பாட்டுச் சாமான் அடியோடு தீர்ந்ததா. கடைசி இரண்டு படி: பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, நாள் முழுக்க ஒன்றுமே சாப்பிடாமல் கழிந்ததா.

ஒவ்வொரு கேள்வியிலும் ‘பணமோ வேறு வசதியோ இல்லாததால்’ என்று ஒரு ஒட்டு இருக்கும். அந்த ஒட்டுதான் உயிர். கார்த்திகை விரதம் இருப்பவரும், புரட்டாசியில் கோழியைத் தொடாதவரும், உடம்பைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விட்டவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பதில்களைச் சேர்த்துப் பார்த்து மிதமானது, கடுமையானது என்று பிரிப்பார்கள். தரத்தையும் வகையையும் வெட்டத் தொடங்கி, சில சமயம் அளவிலும் கைவைத்த வீடு மிதமான படியில் இருக்கிறது. சாமான் தீர்ந்து, பட்டினி நாட்களும் வந்துபோனால் கடுமையானது. இரண்டையும் சேர்த்தால் 2020இல் உலகம் முழுக்க 237 கோடிப் பேர் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஒரே வருடத்தில் சுமார் 32 கோடி கூடியிருந்தது.

மூணாம் மாடி அக்காவிடம் யாரும் இந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. ஆனால் அவருடைய மூணு அஞ்சு புத்தகம் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. முதலில் பழம் போனது. அப்புறம் நெத்திலி. அப்புறம் பருப்பு. முட்டை முப்பது பத்தாகிப் பிறகு இல்லாமலே போனது. அரிசியும் சீனியும் மட்டும் கடைசிவரை நின்றன. எட்டுக் கேள்வியைப் பற்றிப் பின்னால் படித்தபோது, இதைத்தானே நான் கல்லாவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது.

நாலு கால்

உணவு உறுதிக்கு நாலு கால் என்பார்கள். கிடைப்பு, எட்டுதல், பயன்பாடு, நிலைத்தன்மை. பாடப்புத்தகம் நான்கையும் ஒரே நீளத்தில் விளக்கும். நகரத்துக் குடும்பங்களுக்கு இரண்டாவது கால்தான் பெரும்பாலும் ஒடிகிறது, அதனால் அதில்தான் நானும் நிற்கப்போகிறேன்.

கிடைப்பு என்றால் ஊரில் பொருள் இருக்கிறதா என்பது. மலேசியா அப்போது தன் அரிசித் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு. 2020 மார்ச் கடைசியில் வியட்நாம் அரிசி ஏற்றுமதியைக் கொஞ்ச நாள் நிறுத்தியபோது மாமாவே பயந்தார். ஆனால் கடையில் அரிசி தீரவில்லை. காய்கறிக் கதை இதைவிட விசித்திரம். ஆணை வந்த முதல் வாரத்திலேயே கேமரன் மலை விவசாயிகள் முட்டைக்கோஸையும் தக்காளியையும் டன் கணக்கில் கொட்டினார்கள். வாங்க வேண்டிய சாப்பாட்டுக் கடைகளும் இரவுச் சந்தைகளும் மூடிக் கிடந்தன, சரக்கு இறங்க வேண்டிய மொத்தச் சந்தைகள் தடுமாறின. மலையில் காய்கறி அழுகியது. மலைக்குக் கீழே எங்கள் ஊர் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் மேகி மீயில் போட ஒரு முட்டைக்கோஸ் இலை இல்லை.

பொருள் இருந்தும் கைக்கு வராமல் போவதுதான் எட்டாமை. இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது முப்பது இலட்சம் பேர் செத்தார்கள். அந்த வருடம் வங்கத்தில் இருந்த உணவின் அளவு, அதற்கு முந்தைய சில வருடங்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் எடுத்துக்காட்டினார். போர்க்கால விலையேற்றத்தில் அரிசி விலை பறந்தது, கூலிக்காரனின் கூலி தரையில் கிடந்தது. அரிசி இருந்தது, அதை வாங்கும் சக்தி அவனிடம் இல்லை.

பழைய தோட்டத்துப் பாட்டி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். அவருக்குப் பஞ்சம் என்றால் ஜப்பான்காரன் காலம்தான். 1942 முதல் 1945 வரை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அற்றுப்போய், தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். “கடையில மூட்டை மூட்டையா அடுக்கி வெச்சிருக்கான், இதுக்குப் பேரு பஞ்சமா?” என்பார். பாட்டி குழந்தையாகப் பார்த்தது கிடைப்பு என்ற காலே முறிந்த பஞ்சம். 2020இல் எங்கள் ஊரில் அந்தக் கால் நன்றாகத்தான் நின்றது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் பாட்டிக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

பயன்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அரிசி இருக்கிறது, கேஸ் தோங், அதாவது சிலிண்டர், தீர்ந்துவிட்டது. மானிய விலையில் 14 கிலோ தோங் 26.60 ரிங்கிட், ஆனால் அந்த 26.60 கையில் இல்லை. அல்லது யாரோ உறைகோழி கொடுக்கிறார்கள், ஐஸ் பெட்டி கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. அரிசியும் கோழியும் வீட்டுக்குள் வந்தும் உடம்புக்குள் போகவில்லை.

நிலைத்தன்மை என்பது இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கும் இருக்குமா என்ற கேள்வி. பெருந்தொற்று வந்ததும் எல்லார் வீட்டிலும் ஆட்டம் கண்டது இதுதான். மிதமான வருமானக்காரர்கள்கூட முதல் கேள்விக்கு, அந்தக் கவலைக் கேள்விக்கு, ஆம் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

சுங்கை சிப்புட் ரப்பரால் உருவான ஊர். மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த மண். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தொழிலாளர் தெருவுக்கு வந்துவிடாமல் இருக்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கியவர் அவர்தான். அப்படியும் அடுத்தடுத்த தலைமுறைகள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டு ஊருக்குள் வந்துகொண்டேதான் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் ஈப்போவில் ஹோட்டல், கடை, தொழிற்சாலை என்று வேலை தேடிக்கொண்டார்கள். வீடு, மலிவு விலை அடுக்குமாடியில்.

லயத்தில் வறுமை இல்லை என்று யாராவது கதை விட்டால் நம்பாதீர்கள். அங்கேயும் பசி இருந்தது. ஆனால் லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் இருந்தது. முருங்கை, மரவள்ளி, கீரை, இரண்டு கோழி, சில வீடுகளில் ஒரு மாடு. கையில் காசு இல்லாத வாரத்தில் தட்டில் ஒரு கீரையாவது விழும். மூணாம் மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்கலாம், அவ்வளவுதான். நகரத்தில் வாயில் வைக்கும் ஒவ்வொன்றும் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். காசு நின்றால் சாப்பாடு நின்றது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. தோட்ட வேலை அத்தியாவசியம் என்று சொல்லித் தொடர விட்டார்கள். இன்னும் தோட்டத்திலேயே இருந்தவர்களுக்குக் கூலி வந்துகொண்டிருந்தது. படித்து முன்னேறி ஊருக்கு வந்தவர்கள் வீட்டில் சம்பளம் நின்றது. அக்காவின் கணவர் ஈப்போவில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தார், அக்கா இரவுச் சந்தையில் வடையும் கறிபாப்பும் போட்டார். ஹோட்டலுக்கு ஆள் வரவில்லை, இரவுச் சந்தையே இல்லை. ஒரே வாரத்தில் அக்காவின் வருமானம் போனது, கணவரின் சம்பளம் பாதியானது. 2020 மே மாதம் நாட்டின் வேலையின்மை விகிதம் 5.3 விழுக்காடு என்று அறிவித்தார்கள். அக்காவின் கணவர் அந்த 5.3க்குள் வரமாட்டார். அவருக்கு வேலை ‘இருந்தது’, பாதிச் சம்பளத்தோடு.

கணக்கு எளிது. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் இடத்தைப் பொறுத்து 1,100 அல்லது 1,200 ரிங்கிட். பாதி என்றால் அறுநூறு. அதில் வாடகை போக வேண்டும், மின்சாரம் தண்ணீர் போக வேண்டும், இரண்டு பிள்ளைகளின் இணைய வகுப்புக்குக் கைப்பேசியில் டாப்அப் போட வேண்டும். வங்கிக் கடன் தவணையை ஆறு மாதம் தள்ளிப்போட விட்டது பெரிய உதவிதான். அப்படியும் மிச்சத்தில் ஐந்து வாய் சாப்பிட வேண்டும்.

வருமானம் விழுந்தால் அடி ஏன் எப்போதும் தட்டிலேயே விழுகிறது? வாடகையில் கால் பங்கு கட்டுகிறேன் என்றால் வீட்டுக்காரர் கேட்கமாட்டார். மின்சார பில்லை இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று நிறுத்து வாங்க முடியாது. அரிசியை முடியும். பத்தை ஐந்தாக்கலாம், ஐந்தை இரண்டாக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள், நோட்டீஸ் வராது, இணைப்பை வெட்டமாட்டார்கள். ஒரு ஏழை வீட்டின் செலவில் சத்தமில்லாமல் வெட்டக்கூடிய பகுதி சாப்பாடு ஒன்றுதான். அதனால்தான் வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. பார்க்கிற வாய்ப்பு இருப்பவர் கடைக்காரர், அவரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தால்தான்.

தூரமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து சாமான் வாங்க ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். சம்பள வாரத்தில் ஈப்போவுக்குப் போய் மொத்த விலையில் அள்ளி வருகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. கிட்டத்தில் இருக்கும் கடையில், சின்னச் சின்னப் பாக்கெட்டாக, கூட விலை கொடுத்து வாங்கினார்கள். என் மாமா கடையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தட்டில் என்ன இருக்கிறது

வயிறு நிறைவதும் உடம்பு நிறைவதும் வேறு. காசு குறையும்போது மனிதர்கள் முட்டாள்தனமாக வாங்குவதில்லை. ஒரு ரிங்கிட்டுக்கு எது அதிக நேரம் வயிற்றைத் தாங்குமோ அதை வாங்குகிறார்கள். அது அரிசி, சீனி, எண்ணெய், மாவு, மீ. அரசாங்கம் விலையைப் பிடித்து வைத்திருந்த பொருட்களும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 ரிங்கிட். கீரைக்கும் மீனுக்கும் அப்படி ஒரு நிரந்தரக் கைத்தாங்கல் கிடையாது.

இதன் விலை வேறு இடத்தில் தெரியும். தொற்றுக்கு முன்பே, 2019 தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை. பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடம் இன்னும் அதிகம். குள்ளமாகிப்போகும் பிள்ளையும் சர்க்கரை ஏறும் அம்மாவும் ஒரே வீட்டில் இருப்பது முரண்பாடாகத் தோன்றும். இருவரும் சாப்பிடுவது அதே வெள்ளைச் சோறும் சீனித் தேநீரும் என்று தெரிந்தால் தோன்றாது.

இதில் கணக்கெடுப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. வீட்டை ஒரே வாயாக எண்ணுகிறார்கள். வீட்டுக்குள் சாப்பாடு ஒரே மாதிரி இறங்குவதில்லை. இருந்த ஒரு முட்டையைப் பிள்ளைகளுக்குப் பாதிப் பாதியாக்கி, கணவருக்குக் குழம்பை ஊற்றி, கடைசியில் சட்டியை வழித்து அக்கா சாப்பிடுவார். அதற்குப் பெயர் உணவு உறுதியின்மை என்று சொன்னால் அவர் சிரிப்பார். அம்மாமார்கள் எப்போதும் அப்படித்தானே என்பார். ‘எப்போதும் அப்படித்தானே’ என்ற அந்த வார்த்தைக்குள் எத்தனை பேருடைய இரத்தச்சோகை ஒளிந்திருக்கிறதோ.

பிள்ளைகளுக்கும் ஒரு கதவு சாத்தப்பட்டது. வசதி குறைந்த மாணவர்களுக்குத் தொடக்கப் பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும். மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் ஜூலையில்தான் திறந்தன. பள்ளி மூடினால் பாடம் போகிறது என்றுதான் எல்லாரும் பேசினார்கள். நாசி லெமாக்கும் போனது என்பதை அந்தச் சாப்பாட்டை நம்பியிருந்த வீடுகள் மட்டும்தான் பேசின.

வந்த உதவி, வராத உதவி

உதவி வரவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத மாத வருமானமுள்ள குடும்பங்களுக்கு 1,600 ரிங்கிட் அறிவித்தார்கள், ஏப்ரலில் 1,000, மே மாதம் 600. அது வந்த வாரத்தில் பிஸ்கட் டின்னில் இருந்த பாதி நோட்டுகளில் ‘வரவு’ என்று எழுதினேன். கையில் காசாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்று பேசுகிறவர்களை ஒருநாள் அந்தக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும். பழைய கடனைத் தீர்த்தார்கள், அரிசி வாங்கினார்கள், பிள்ளைக்குப் பால்மாவு வாங்கினார்கள்.

சேமநிதியிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுக்கலாம் என்றும் விட்டார்கள். பிறகு இன்னும் பெரிய தொகைகளுக்கும் வழி திறந்தார்கள். 2022 வரை நான்கு திட்டங்களில் சேர்த்து வெளியே போனது 14,500 கோடி ரிங்கிட். அறுபது வயதில் சாப்பிட வேண்டியதை நாற்பதில் சாப்பிட்டுவிட்டார்கள். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை, ஆனால் நாலாவது காலான நிலைத்தன்மை இருபது வருடம் தள்ளி இன்னொருமுறை ஆடும்.

உணவுக் கூடைகள் வந்தன. கோயில், குருத்துவாரா, கட்சிக்காரர்கள், இளைஞர் குழுக்கள் எல்லாரும் கொடுத்தார்கள். உள்ளே ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், சீனி, மாவு, சார்டின் டின், மீ, பிஸ்கட். நல்ல மனசு. ஆனால் அது அக்காவின் மே மாத நோட்டைத்தான் இன்னொருமுறை கட்டிக் கொடுத்தது. அவர் வீட்டில் கடைசிவரை நின்ற பொருட்களையே கொடுத்து, முதலில் காணாமல்போன பொருட்களைக் கொடுக்காமல் விட்டது. கடைகள் திறந்திருக்கும் ஊரில், பக்கத்துக் கடையில் மாற்றிக்கொள்கிற மாதிரி ஐம்பது ரிங்கிட் பற்றுச்சீட்டு கொடுத்தால் முட்டையும் கீரையும் தாமாக உள்ளே வரும் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரன் மருமகன் சொல்கிறேன் என்று வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாதவர்களின் கதை தனி. பழைய தோட்டத்துப் பாட்டியின் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், இருந்த விலாசம் அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் லயம். அந்த லயத்தை இடித்து வெகுகாலமாகிறது. உதவி கேட்டுப் போன இடத்தில், நீங்கள் இந்தப் பகுதி இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். இல்லாத வீட்டுக்குப் போய் உதவி வாங்கச் சொன்ன மாதிரி. நாட்டில் குடியுரிமை இல்லாதவர்களும், நிரந்தரவாசிகளான சிவப்பு ஐ.சி.க்காரர்களும் இந்த அளவுக்குக்கூடப் போகவில்லை, வாசலோடு சரி.

2021 ஜூன் 1ஆம் தேதி மறுபடி முழு முடக்கம். முதல் தடவை தாங்கியவர்கள் இரண்டாம் தடவை தாங்கவில்லை. சேமிப்பு கரைந்திருந்தது, அடகு வைக்க நகை இல்லை. அந்த மாதக் கடைசியில்தான் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. சாப்பாடு இல்லாத வீடு சன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பெயரோ ஐ.சி.யோ பட்டியலோ வேண்டாம், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது சரணடைதல், கௌரவக்குறைவு என்று சில அரசியல்வாதிகள் குதித்தார்கள். எட்டுக் கேள்வியில் கடைசிப் படிக்கு வந்துவிட்ட வீடு, கேட்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளாமல் இருக்க அதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

அதே சமயம், வெள்ளைக் கொடி கடைசிப் படிக்கான வழி. அடுக்குமாடியில் ஆறேழு சன்னல்களில் துணி தொங்கியதைப் பார்த்தேன், மூணாம் மாடியில் தொங்கவில்லை. “நம்மளவிட கஷ்டப்படுறவங்க இருக்காங்க தம்பி” என்றார் அக்கா. மிதமான படியில் நிற்கிறவர்கள் கொடி கட்டமாட்டார்கள். நாட்டின் வறுமை விகிதம் 2019இல் 5.6 விழுக்காடாக இருந்து 2020இல் 8.4 ஆனது, அதுவும் 2,208 ரிங்கிட் என்ற மாதக் குடும்ப வருமானக் கோட்டுக்குக் கீழே போனவர்களின் கணக்கு. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டு நெத்திலியை நிறுத்தியவர்கள் அதிலும் இல்லை.

2021 நவம்பர் 4ஆம் தேதி தீபாவளி. அதற்கு முந்தைய வாரம் நான் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். மாமா நோட்டைத் திறந்து காட்டினார். அக்காவின் கணவருக்கு முழுச் சம்பளம் திரும்பியிருந்தது. சாமான்கள் போன வரிசைக்குத் தலைகீழாக வந்திருந்தன. முதலில் முட்டை பத்து, இரண்டு வாரம் கழித்துப் பருப்பு, அக்டோபர் கடைசியில் நெத்திலி 100 கிராம். தீபாவளிக்கு நெய் ஒரு சின்ன டின். ஆப்பிள் இன்னும் வரவில்லை. பக்கத்தின் அடியில், மாமாவின் கையெழுத்தில், ‘பழைய பாக்கி 340’ என்று இருந்தது.